பணம் கொடுப்பவர் யார்? துரொண்ட்ஹெய்மின் இளம் நிறுவனங்களும் தமிழ் இளையோரும்

யூலை மாதப் பிற்பகுதியில் நோர்வேயின் உயர்கல்வி அனுமதி முடிவுகள் வெளியாகும் நாள், பல தமிழ் வீடுகளில் ஒரு பண்டிகை நாள். துரொண்ட்ஹெய்மில் அமைந்துள்ள நோர்வே விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்கப் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டால், அச்செய்தி அன்று மாலைக்குள் ஒஸ்லோ, பேர்கன், கனடா, யாழ்ப்பாணம் என எங்கும் எட்டிவிடும். ஐந்தாண்டுப் படிப்பு, அதன்பின் பெரிய நிறுவனம் ஒன்றில் நிரந்தர வேலை, அதன்பின் வீட்டுக்கடன். பெற்றோரின் கணக்கு இவ்வளவில் நிறைவு பெறுகிறது.

அதே பல்கலைக்கழகம் அமைந்துள்ள குளோஸ்ஹௌகன் குன்றிலிருந்து வேறொரு வகையான கணக்கும் கடந்த நாற்பது ஆண்டுகளாகப் போடப்பட்டு வருகிறது. 1910 இல் தொழில்நுட்ப உயர்கல்லூரியாகத் தொடங்கி, 1996 இல் இன்றைய பல்கலைக்கழகமாக விரிந்த இந்நிறுவனத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும், நோர்வேயில் எவரும் கேட்டிராத பொருட்களுக்கு உலகச் சந்தையில் விலை தேடியிருக்கிறார்கள். அவர்கள் அதனை எவ்வாறு செய்தார்கள் என்பது தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் ஒருமுறை நிதானமாக நோக்கவேண்டிய விடயமாகும். 'ஸ்ராட்-அப்' எனப்படும் தொடக்க நிறுவனம் என்றவுடன், ஒரு புதிய கண்டுபிடிப்பும் ஒரு துணிச்சலான இளைஞனும் போதும் என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அந்நிறுவனங்களின் முதல் சில ஆண்டுகள் முழுவதும் ஒரேயொரு கேள்விக்கு விடை தேடுவதிலேயே கழிகின்றன. இதற்கு யார் பணம் கொடுப்பார், எதற்காகக் கொடுப்பார், எந்த வகையில் கொடுப்பார் என்பதே அந்தக் கேள்வி. வணிக மாதிரி என்ற பெரிய சொல்லின் பொருள் இவ்வளவுதான்.

ஃபலாங்ஸ் மைக்ரோசிஸ்ரம்ஸ் என்ற நிறுவனத்தின் கதை இதற்குச் சிறந்த சான்றாகும். பல்கலைக்கழக ஆய்வுத் திட்டம் ஒன்றிலிருந்து 2001 இல் பிறந்த இந்நிறுவனத்தைத் தொடங்கிய மாணவர்களின் முதல் எண்ணம், கணினி விளையாட்டுகளுக்கான வரைகலைச் சில்லு ஒன்றை உருவாக்குவதே. அன்று அந்தச் சந்தையை என்விடியா, ஏ.ரி.ஐ. ஆகிய இரு பெரும் நிறுவனங்கள் ஆண்டுகொண்டிருந்தன. அவற்றோடு மோத வேண்டுமாயின் சில்லை வடிவமைத்தால் மட்டும் போதாது. அதனை உற்பத்திச் சாலையில் வார்ப்பிக்க வேண்டும், அட்டையாக்க வேண்டும், உலகின் கடைகளுக்கு அனுப்ப வேண்டும், விற்காது தேங்கியவற்றின் நட்டத்தையும் தாங்க வேண்டும். இணைய வணிகக் குமிழி உடைந்து முதலீட்டாளர்கள் பணப்பையை இறுக மூடியிருந்த காலம் அது. துரொண்ட்ஹெய்ம் மாணவர்களுக்கு அத்தனை பணத்தைக் கொடுக்க எவரும் முன்வரவில்லை.

அவர்கள் செய்த மாற்றம் நுணுக்கமானது. அறிவையும் உழைப்பையும் மாற்றவில்லை; பணம் கொடுப்பவரை மாற்றினார்கள். கைத்தொலைபேசிகளில் வண்ணத் திரைகள் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தன. முப்பரிமாணப் படம் ஒரு தொலைபேசியில் எதற்கு என்று தொலைபேசி செய்பவர்களே கேட்டிருக்கக்கூடிய காலம். புதிய சந்தை என்பதன் இயல்பு அதுவே: வாங்கப்போகிறவருக்கே தன் தேவை இன்னும் தெரியாது, பொருளுக்கு வழக்கமான விலை என்று ஒன்றும் இராது. மின்கலத்தை விரைவில் வற்றச் செய்யாத, மிகச் சிறிய வரைகலைப் பகுதி ஒன்று நாளை ஒவ்வொரு தொலைபேசிச் சில்லுக்குள்ளும் தேவைப்படும் என அவர்கள் கணித்தார்கள். சில்லைச் செய்து விற்பதைக் கைவிட்டு, அதன் வடிவமைப்பை மட்டும் விற்க முடிவெடுத்தார்கள். சில்லு செய்யும் நிறுவனம் முதலில் உரிமக் கட்டணம் ஒன்றைச் செலுத்தும். பின்னர் அது விற்கும் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு சிறு தொகை வந்துகொண்டிருக்கும். உற்பத்திச் சாலை வேண்டியதில்லை, களஞ்சியம் வேண்டியதில்லை, கடையும் வேண்டியதில்லை. உலகெங்கும் பரந்து கிடக்கும் இலட்சக்கணக்கான விளையாட்டுப் பிரியர்களுக்குப் பதிலாக, விரல்விட்டு எண்ணக்கூடிய சில்லு நிறுவனங்களே வாடிக்கையாளர். வடக்கு நோக்கி அறுபத்து மூன்றாம் பாகையில் இருக்கும் ஒரு சிறு நகரிலிருந்து சென்று பார்க்கக்கூடிய எண்ணிக்கை அது.

2006 இல் பிரித்தானியாவின் ஆர்ம் நிறுவனம் ஃபலாங்ஸை வாங்கியது. ஆர்மும் வடிவமைப்பை உரிமம் வழியாக விற்கும் நிறுவனம் என்பதால், ஒன்று மற்றொன்றுக்குள் இலகுவாகப் பொருந்திக்கொண்டது. 'மாலி' என்ற பெயரிலான அந்த வரைகலைப் பகுதி 2011 இல் வெளிவந்த சம்சுங் கலக்ஸி எஸ் 2 தொலைபேசியில் இருந்தது; அதன்பின் கோடிக்கணக்கான அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்குள் சென்றது. யாழ்ப்பாணத்து அம்மம்மாவுடன் பேரப்பிள்ளை காணொளியில் பேசும் தொலைபேசியின் திரையை வரையும் பகுதி, நிதெல்வா ஆற்றங்கரை நகரொன்றில் வரையப்பட்டதாக இருக்கக்கூடும்.

மற்றொரு கதை கஹூட். இதனை அறியாத தமிழ்ச் சிறுவர் நோர்வேயில் இலர். பெற்றோருக்கு வேண்டுமானால் விளக்கம் தேவைப்படலாம்: வகுப்பறைத் திரையில் கேள்வி தோன்ற, மாணவர்கள் தத்தம் தொலைபேசியில் வண்ணக் கட்டங்களை அழுத்தி விடையளிக்கும் வினாடிவினா அது. பேராசிரியர் அல்ப் இங்கே வாங் 2006 இல் தம் விரிவுரையை மாணவர்கள் தூங்காமல் கேட்க வேண்டுமென்பதற்காக உருவாக்கிப் பார்த்த முயற்சியே இதன் வித்து. 2012 இல் நிறுவனம் உருவாகி, 2013 இல் கஹூட் பொதுப் பாவனைக்கு வந்தது.

பாடசாலை பணம் கொடுக்கத் தயங்கும் இடம். நகரசபையின் வரவுசெலவுத் திட்டம், கொள்வனவு விதிமுறைகள், அதிபரின் ஒப்பம் எனப் பல வாசல்களைக் கடந்தால்தான் ஒரு மென்பொருளை விற்க முடியும். ஒவ்வொரு நாட்டிலும் அந்த வாசல்கள் வேறு வேறு. கஹூட்டை உருவாக்கியோர் அந்த வாசல்களில் ஒன்றையும் தட்டவில்லை. ஆசிரியருக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். ஓர் ஆசிரியர் ஒருமுறை நடத்தினால் முப்பது மாணவர்களுக்குத் தெரியும். முப்பது வீடுகளுக்குச் செய்தி போகும். அந்த வீடுகளிலுள்ள பெற்றோரில் எவரோ ஒருவர் தம் அலுவலகப் பயிற்சி நாளில் அதனைப் பயன்படுத்தினார். 2017 இல் நிறுவனங்களுக்கான கட்டணச் சேவை தொடங்கப்பட்டது. வகுப்பறை அதனைப் பரப்பியது, அலுவலகம் பணத்தைக் கொடுத்தது.

இங்கு ஒன்றை மறைக்காது சொல்லியாக வேண்டும். 'இலவசம்' என்பதற்கும் செலவுண்டு. 2013 இலிருந்து 2017 வரை, கணினிச் சேவையகங்களுக்கும் ஊழியருக்குமான செலவை முதலீட்டாளர்களே சுமந்தனர். அத்தகைய பொறுமையான பணம் இல்லாத ஒருவர் கஹூட்டின் வழியைப் பின்பற்றினால் ஆறு மாதத்தில் கதவை மூட நேரிடும். அடுத்த கட்டமும் முழுக்க இனிமையானதன்று. பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் இணையத்துக்கு மாற, 2021 இல் ஒஸ்லோ பங்குச் சந்தையில் அதன் பங்கு உச்சத்தில் இருந்தது. 2023 இல் கோல்ட்மன் சாக்ஸ் தலைமையிலான குழு பங்கொன்றுக்கு 35 குரோனர் வீதம், ஏறத்தாழ 1,700 கோடி குரோனருக்கு அதனை வாங்க முன்வந்தபோது, உச்ச விலையில் வாங்கியிருந்த சிறு முதலீட்டாளர்கள் பெரும் நட்டமடைந்தனர். வணிக மாதிரி வென்றாலும் பங்கு வாங்கியவர் எல்லோரும் வெல்வதில்லை.

இவற்றுக்கெல்லாம் மூத்தது 1983 இல் துரொண்ட்ஹெய்மில் தொடங்கப்பட்ட நோர்டிக் வி.எல்.எஸ்.ஐ. என்ற நிறுவனம். தொடக்கத்தில் அது பிற நிறுவனங்கள் கேட்ட சில்லுகளை வடிவமைத்துக் கொடுத்தது. அதாவது பொறியியலாளரின் நேரத்தை விற்றது. இத்தொழிலில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆயின் வேலை முடிந்தவுடன் வருமானமும் முடிந்துவிடும். பின்னர் நோர்டிக் செமிகொண்டக்டர் எனப் பெயர் மாற்றி, தனக்கே சொந்தமான கம்பியில்லாத் தொடர்புச் சில்லுகளுக்கு மாறியது. இன்று குறைந்த மின்சக்தியில் இயங்கும் புளூரூத் சில்லுகளில் உலகின் முன்னணி நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

அதே நோர்டிக்கில் மாணவராக வேலை செய்த அல்ப்-எகில் பூகன், வேகார்ட் வொல்லான் ஆகிய இருவரின் நுண்கட்டுப்படுத்தி வடிவமைப்பு அமெரிக்காவின் அற்மெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, ஏ.வி.ஆர். என்ற பெயரில் 1990களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தது. பாடசாலைகளில் பிள்ளைகள் விளையாடிப் பழகும் ஆர்டுயினோ பலகைகளில் நீண்ட காலம் இருந்தது அதுவே. அவர்கள் தனி நிறுவனமாக நின்று போராடவில்லை. பெரிய நிறுவனத்தின் விற்பனை வலையை வாங்குவதற்குப் பதிலாக, அதற்குள்ளேயே நுழைந்துகொண்டார்கள். வடிவமைப்பு வேலை துரொண்ட்ஹெய்மிலேயே தொடர்ந்தது. இதுவும் ஒரு வழி.

ஃபாஸ்ற் சேர்ச் அன்ட் ரான்ஸ்ஃபர் நிறுவனத்தின் கதை எச்சரிக்கைக்கு உரியது. 1997 இல் இதே பல்கலைக்கழக ஆய்வின் வழிவந்த இந்நிறுவனத்தின் 'ஓல் த வெப்' என்ற இணையத் தேடல் பொறி ஒருகாலத்தில் கூகிளோடு ஒப்பிடப்பட்டது. பொதுமக்களுக்கான தேடலை 2003 இல் ஓவர்ச்சர் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, பெரிய நிறுவனங்களின் சொந்த ஆவணங்களுக்குள் தேடும் மென்பொருளில் அது கவனம் செலுத்தியது. பணம் கொடுப்பவரை மாற்றிய அந்த முடிவு சரியானதே. 2008 இல் மைக்ரோசொஃப்ட் ஏறத்தாழ 120 கோடி அமெரிக்க டொலருக்கு அதனை வாங்கியது. ஆனால் அதே ஆண்டில், வருமானம் கணக்கில் காட்டப்பட்ட முறை தொடர்பாக, பொருளாதாரக் குற்றப் புலனாய்வுப் பிரிவான ஓக்கோக்ரிம் விசாரணையைத் தொடங்கியது. பணம் கொடுக்கச் சம்மதித்தவர் வேறு, பணம் கொடுத்தவர் வேறு. ஒப்பந்தத் தாளிலுள்ள எண்ணை வருமானமாக எழுதும் ஆசை பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. கடனுக்குச் சாமான் கொடுத்த பலசரக்குக் கடைக்காரருக்கு இந்த வேறுபாட்டை யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

இவை வெள்ளையரின் கதைகள், தமிழனுக்கு ஒத்துவராது என ஒதுக்குவோரும் உளர். அவர்கள் சென்னையைப் பார்க்கலாம். சிறீதர் வேம்பு முதலானோர் 1996 இல் தொடங்கிய நிறுவனம், தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்றே வளர்ந்தது. 2001 ஆம் ஆண்டளவில் அத்துறை சரிந்தபோது வாடிக்கையாளர்களே மறைந்து போயினர். அதே பொறியியலாளர்களைக் கொண்டு, நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுகளுக்கான மென்பொருள்களையும், 2005 முதல் சோகோ என்ற பெயரில் சிறு வணிகருக்கான இணைய மென்பொருள்களையும் உருவாக்கினார்கள். வெளி முதலீட்டாளரின் பணமின்றியே அது வளர்ந்தது. அங்கு பணியாற்றிய திருச்சிராப்பள்ளிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம் 2010 இல் தொடங்கிய நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர் அவுஸ்திரேலியாவிலுள்ள ஒரு கல்லூரி. ஃபிரெஷ்வேர்க்ஸ் எனப் பெயர் பெற்ற அது 2021 செப்ரெம்பரில் நியூயோர்க்கின் நஸ்டக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. சென்னையில் எழுதிய மென்பொருளைச் சென்னைக்கே விற்க வேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை.

புலம்பெயர் தமிழரின் வணிகங்களில் இல்லாதிருப்பது இந்த எண்ணமே. உழைப்புக்கும் துணிவுக்கும் குறைவில்லை. ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று உழைத்தவர்கள், தெற்கே வந்து கடை திறந்தார்கள். தொலைபேசி அட்டை விற்றார்கள், திரைப்பட ஒளிநாடாக்களை வாடகைக்கு விட்டார்கள், சேலை, நகை, மண்டப அலங்காரம், விழாச் சாப்பாடு என ஒவ்வொன்றாகத் தொடங்கினார்கள். எல்லாவற்றிலும் பணம் கொடுப்பவர் ஒருவரே: இன்னொரு தமிழர். நோர்வேத் தமிழர் தொகை ஒரு சிறு நகரத்தின் தொகைக்கும் குறைவு. ஒருவர் சாப்பாட்டுச் சேவை தொடங்கி நன்றாக நடந்தால் அடுத்த ஆண்டு ஐவர் தொடங்குவர். அதன்பின் விலைக்குறைப்பே போட்டி. தொலைபேசி அட்டையை இணைய அழைப்பும், ஒளிநாடாவை இணையத் திரையும் கொண்டுபோயின. ஐம்பத்தைந்து இலட்சம் மக்களுள்ள நோர்வேயே தன் பொருளுக்குப் போதாத சந்தை என்று துரொண்ட்ஹெய்ம் மாணவர் முதல் நாளே கருதுகையில், அதனினும் மிகச் சிறிய வட்டத்துக்குள் தமிழ் வணிகர் ஒருவரோடொருவர் முட்டிக்கொள்கின்றனர்.

இதற்கு மனப்பான்மை மட்டும் காரணமன்று. பணத்தின் தன்மையும் காரணம். பெரும்பாலான தமிழ்க் கடைகளின் முதல் சீட்டுப் பணம். இருபது பேர் சேர்ந்த சீட்டில் கழிவு கூறி முதல் மாதமே எடுப்பவர், அடுத்த மாதத்திலிருந்து கட்டத் தொடங்க வேண்டும். ஆகவே முதல் மாதமே பணம் புரளும் தொழிலைத் தவிர வேறெதற்கும் அது உதவாது. அரிசியும் மரக்கறியும் விற்கலாம். மூன்றாண்டு வாடிக்கையாளரைத் தேடி அலையும் ஒரு மென்பொருளை அதனால் தாங்க முடியாது. வங்கிக்குச் சென்றாலும் வீட்டைப் பொறுப்பு வைக்கச் சொல்வார்கள். தொடக்க நிறுவனத்துக்கு வேண்டியது திருப்பிக் கேட்காத பணம். நட்டமானால் நட்டத்தையும் பகிரும் பங்கு முதலீடு. இருபது குடும்பங்கள் ஒன்றுகூடி ஒருவரையொருவர் நம்பிப் பணம் போடும் பழக்கம் தமிழரிடம் ஏற்கெனவே உண்டு. அந்த நம்பிக்கையைச் சீட்டிலிருந்து பங்குக்கு மாற்றுவது குறித்து இதுவரை எந்தத் தமிழ்ச் சங்கக் கூட்டத்திலாவது பேசப்பட்டிருக்கிறதா?

பெற்றோரின் அச்சத்தை எள்ளி நகையாடுவதும் தவறு. உறுதி எழுதிய காணியும் கட்டிய வீடும் ஒரே இரவில் கைவிட்டுப் போனதைக் கண்டவர்கள் அவர்கள். இரவுத் துப்புரவு வேலை செய்து படிப்பித்த பிள்ளை, கிடைத்த வேலையை உதறிவிட்டுச் சம்பளமில்லாத நிறுவனம் தொடங்குகிறேன் என்றால் தாயின் நெஞ்சு பதறத்தான் செய்யும். புதிய நிறுவனங்களில் பெரும்பாலானவை ஐந்தாண்டைத் தாண்டுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் எதை இழக்க நேரிடும் என்பதைப் பெற்றோர் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். நோர்வேயில் வரையறுத்த பொறுப்புடைய நிறுவனமொன்றைத் தொடங்குவதற்கான குறைந்தபட்சப் பங்கு மூலதனம் 2012 இல் ஒரு இலட்சம் குரோனரிலிருந்து 30,000 குரோனராகக் குறைக்கப்பட்டது. நிறுவனம் முறையாக நடத்தப்பட்டு வீழ்ந்தால், பொதுவாக இழப்பது போட்ட பணத்தையே. பெற்றோரின் வீட்டை அன்று. வீடு பறிபோவது தனிப்பட்ட உத்தரவாதக் கையொப்பம் இடும்போதுதான். பிள்ளை நிறுவனம் தொடங்குவதைத் தடுக்க நினைக்கும் தகப்பன், அதற்குப் பதிலாக அந்தக் கையொப்பத்தைத் தடுத்தால் போதுமானது.

இளையோரும் தம் பங்குக்குச் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக ஊழியர்களின் கண்டுபிடிப்பில் 2003 முதல் பல்கலைக்கழகத்துக்கு உரிமையுண்டு. மாணவரின் சொந்த ஆக்கமோ பொதுவாக மாணவருக்கே உரியது. எனவே படிக்கும் காலமே இதற்கு மலிவான காலம். 2003 இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவோர் கல்விப் பிரிவில் முதுநிலை மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியாகவே உண்மையான நிறுவனத்தைத் தொடங்குகின்றனர். ஆய்வு மற்றும் உருவாக்கச் செலவின் ஒரு பகுதியை வரிவழியாகத் திருப்பித் தரும் ஸ்கத்தஃபுன் திட்டம் 2002 முதல் நடைமுறையில் உள்ளது. இலாபம் ஈட்டாத நிறுவனத்துக்கும் அத்தொகை பணமாகக் கிடைக்கும். இத்தனையும் இருந்தும், முதல் வேலை மென்பொருள் எழுதுவதன்று. பணம் கொடுக்கக்கூடியவர் எனக் கருதும் இருபது பேரைச் சென்று காண்பதே. நண்பரும் உறவினரும் 'நல்ல யோசனை' என்பார்கள். அது கணக்கில் சேராது. ஒரு சிறு தொகையையாவது முன்பணமாக வைக்க முன்வரும் அந்நியர் ஒருவரே முதல் வாடிக்கையாளர்.

இந்தக் கணக்கு தாயகத்துக்கும் பொருந்தும். 1956 இல் நோர்வேக்கு வந்த முதல் தமிழராக அறியப்படும் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம், இங்கு கற்ற மீன்பிடித் தொழில்நுட்பத்தை ஊருக்குக் கொண்டுசென்று, 'சீநோர்' வழியாகப் படகும் வலையும் உற்பத்தி செய்யும் தொழிலை யாழ்ப்பாணத்தில் தொடக்கி வைத்தார். இன்று அதே கடல் வழியில் செல்வது மென்பொருள். யாழ். ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் அங்குள்ள இளையோரைத் தொழில்முனைவுக்கு ஆயத்தப்படுத்தி வருகின்றன. புலம்பெயர்ந்தோர் சிலர் அங்கு மென்பொருள் அலுவலகங்களை நடத்துகின்றனர். இவ்வாறான அலுவலகம் வழக்கமாக விற்பது மணித்தியாலத்தை. ஐரோப்பிய வாடிக்கையாளருக்காக எழுதப்படும் நிரலின் உரிமை அந்த வாடிக்கையாளருக்கே போய்ச்சேரும். யாழ்ப்பாணத்தில் எஞ்சுவது அம்மாதச் சம்பளம். நோர்டிக் நிறுவனமும் தன் முதற்காலத்தில் இவ்வாறுதான் இருந்தது. நேரத்தை விற்பதிலிருந்து சொந்தப் பொருளை விற்பதற்கு மாற அதற்குப் பல ஆண்டுகள் சென்றன, இடையில் வந்த வேலைகளின் வருமானமே அதற்கு உணவிட்டது. யாழ்ப்பாணத்து அலுவலகம் ஒன்று வாரத்தின் ஐந்து நாட்களில் ஒரு நாளைத் தன் சொந்தப் பொருளுக்கு ஒதுக்க விரும்பினால், அந்த ஒரு நாளின் சம்பளத்தை யார் ஏற்பது என்பதை ஒஸ்லோவிலும் துரொண்ட்ஹெய்மிலும் இருக்கும் தமிழ்ப் பொறியியலாளர்கள் இனிமேல்தான் பேசித் தீர்மானிக்க வேண்டும்.